என் கேசட்டும் அவன் எரங்கலும்

பொங்கல் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் காலேஜ் இரண்டாம் வருடம். முதல் இரண்டு நாளும் அவன் அவனுடைய போனில், நான் என்னுடைய போனில். மாட்டுப்பொங்கல் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. லேப்டாப்பை டிவியில் செருகி, எமுலேட்டரில் கான்ட்ராவை ஓடவிட்டேன். "வாடா, உன் மாமன் எப்படி வளர்ந்தான்னு காட்டறேன்" என்றேன்.

வந்து உட்கார்ந்தான். பத்து விநாடியில் முதல் லைஃப் போனது. அடுத்த அரை நிமிடத்தில் மிச்சம் இரண்டும். "என்ன மாமா, ஒரு குண்டு பட்டாலே செத்துடறான்?" என்றான். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டே ஆரம்பத் திரையில் அந்தப் பழைய ரகசிய வரிசையை அழுத்தினேன். மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. 30 லைஃப். எத்தனையோ வருடமாகத் தொடாத விஷயம், விரல் தானாகவே போனது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பையன் சுதாரித்துக்கொண்டான். காடு, அருவி, பனி, கடைசி ஏலியன் குகை என்று வரிசையாகத் தாண்டி, நடுவில் இரண்டு தடவை கன்டினியூ போட்டு, அக்கா காபி போடுவதற்குள் முடித்தேவிட்டான். மணியைப் பார்த்தான். "ஒரு மணி நேரம்கூட ஆகல மாமா. இதையா மூணு வருஷம் ஆடுனீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அந்தக் காலத்து கேமில் உழைப்பு இருந்தது, இப்போது எல்லாம் காசு கொடுத்து வாங்கும் சட்டை துணிமணி, கிராஃபிக்ஸ் இருக்கிறது உயிர் இல்லை, இப்படி. 90ஸ் கிட்ஸ் மீம் பக்கங்களைப் படித்தவர்களுக்கு மீதி தெரியும். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் ஒரே ஒரு விஷயம் சொன்னான்.

"மாமா, உங்க கேம் நல்லாருக்கோ இல்லையோ, ஒருத்தனக் கூப்பிட்டு உக்கார வச்சுக் காட்டறதுக்கு அது இருக்குல்ல? என்னோடத நான் எப்படிக் காட்டறது?"

அவன் சொன்னது 2020 லாக்டவுனில் ஆடிய பப்ஜியை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு பதில் தேடும் முயற்சி.

*

முதலில் என் பக்கத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

சித்தப்பா சென்னை பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த டிவி கேம்தான் எங்கள் வீட்டில் இருந்தது. ஜப்பானில் நின்டென்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தின் போலி அது. அப்போது அது போலி என்றே எனக்குத் தெரியாது. மஞ்சள் நிற கேசட், மேலே 9999 இன் 1 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் உண்மையான கேம்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கான்ட்ராவே பத்து தடவை வரும். ஒன்றில் லைஃப் கூட, ஒன்றில் மூன்றாவது லெவலிலிருந்து ஆரம்பம், அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் அந்தப் பத்தையும் பத்து கேம் என்றே நம்பினோம்.

இப்போது உட்கார்ந்து மறுபடி ஆடும்போது என் நினைவுகள் ஒவ்வொன்றாக அடிவாங்கின. கேசட்டை ஊதினால் ஓடும் என்பது முதல் அடி. ஊதியது உதவவில்லை, எடுத்து மறுபடி செருகியதுதான் உதவியது. எச்சில் ஈரம் பட்டுப் பட்டு உள்ளே இருக்கும் உலோக முனைகள் கெட்டதுதான் மிச்சம். யாருடைய உதவியும் இல்லாமல் முடித்தோம் என்பது இரண்டாவது அடி. 30 லைஃப் இல்லாமல் எங்கள் தெருவில் ஒருத்தனும் பனி லெவலைத் தாண்டியதில்லை. அந்த ரகசிய வரிசையைக் கண்டுபிடித்த கஸுஹிசா ஹாஷிமோட்டோ கொனாமியில் வேலை பார்த்தவர். கிரேடியஸ் என்ற கேமை வீட்டு இயந்திரத்துக்கு மாற்றிச் சோதிக்கும்போது அவருக்கே அது ரொம்பக் கடினமாக இருந்ததால் தனக்காகப் போட்டுக்கொண்ட குறுக்கு வழி அது. செய்தவருக்கே முடியவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

மூன்றாவது அடிதான் பெரியது. கான்ட்ரா பெரிய உலகம் என்று நினைத்திருந்தேன். மொத்தமே எட்டு லெவல். பழகிய கை அரை மணி நேரத்தில் முடிக்கும். அந்த அரை மணி நேரத்தை எங்களுக்கு மூன்று வருடமாக நீட்டியது அதன் கடினம். இந்தக் கடினம் எங்கிருந்து வந்தது? கான்ட்ரா 1987இல் முதலில் வந்தது காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில். அங்கே ஆடுபவன் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். அடுத்த வருடம் வீட்டுக்கு வந்தபோதும் அந்த எலும்புக்கூடு மாறவில்லை. ஒரு குண்டு, ஒரு சாவு. சேவ் கிடையாது. கடைசி லெவலில் கரண்ட் போனால் மறுபடி காட்டிலிருந்து. நான் உழைப்பு என்று கொண்டாடிக்கொண்டிருந்த விஷயத்தில் பாதி, யாரோ ஒருவருடைய கல்லாப்பெட்டிக்காக அமைத்த ஏற்பாடு. இன்றைய கேம்கள் காசைப் பிடுங்குகின்றன என்று மருமகனிடம் பிரசங்கம் செய்த வாய் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

*

அப்படியென்றால் எல்லாமே வெறும் நாஸ்டால்ஜியாதானா? இல்லை. மறுபடி ஆடிப் பார்த்ததில் சில கேம்கள் விழுந்தன. சில நின்றன. ஒன்று நான் நினைத்திருந்ததைவிட உயரமாக நின்றது.

விழுந்தது ரோட் ராஷ். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு எண்ணி, பக்கத்து பைக்காரனைச் செயினால் அடித்து ஆடிய கேம். இப்போது இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. நான் நேசித்தது அந்த பிரவுசிங் சென்டரை என்று புரிந்தது. பின்னால் நின்று "அடிடா அவன" என்று கத்த ஆள் இல்லாமல் ரோட் ராஷ் ஒரு நீளமான தார் ரோடு, அவ்வளவுதான்.

நின்றது 1985இல் வந்த சூப்பர் மாரியோ. முழு கேமும் 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடக் கனம். இடம் பத்தாததால் மேகத்துக்கும் செடிக்கும் ஒரே படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள், வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் செடி. அதன் முதல் லெவலைப் பாருங்கள். மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான், வலது பக்கம் காலியாக இருக்கிறது, ஆக அந்தப் பக்கம்தான் போக வேண்டும். கண் வைத்த ஒரு காளான் எதிரே வருகிறது. தொட்டால் சாவு. குதித்தால் தப்பிக்கலாம், தலைமேல் குதித்தால் அது நசுங்குகிறது. கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டினால் இன்னொரு காளான் வெளியே வந்து ஓடுகிறது. குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. தப்பிக்க நினைத்தாலும் பெரும்பாலும் அது நம்மேல் விழுந்துவிடும். அப்போதுதான் இது நல்ல காளான், தின்றால் பெரிசாவோம் என்று தெரிகிறது. ஒரு வார்த்தை இல்லை. அப்போது எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஜப்பானில் ஷிகெரு மியாமோட்டோ குழுவினர் செய்த ஒரு விஷயம், போலி கேசட்டில் ஏறி, ஒரு அட்டைக் குறிப்புகூட இல்லாமல் எங்கள் தெருவில் பாடம் நடத்தியது இதனால்தான். இன்று புதிதாக ஒரு கேமைத் திறந்தால் முதல் அரை மணி நேரம் அம்புக்குறியும் அறிவிப்புப் பெட்டியும் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது அந்த 40 கிலோபைட்டின் மேல் மரியாதை கூடுகிறது.

உயரமாக நின்றது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989இல் வெளிவந்தது. தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவுகளின் மேல் வரைந்துதான் இளவரசனை உருவாக்கினார். ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் மிஸ் வெளியே போகும்போதெல்லாம் ஆடுவோம். இளவரசிக்கு இருப்பது 60 நிமிடம். எங்களுக்கு இருந்தது பத்து நிமிடம். மூன்றாவது லெவலில் எழுந்து வரும் எலும்புக்கூட்டைத் தாண்டியதாகவே ஞாபகம் இல்லை.

முப்பது வயதுக்கு மேல்தான் அதை முழுதாக ஆடினேன். நான்காவது லெவலில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கிறது. ஓடி வந்து அதை உடைத்துக்கொண்டு பாய்ந்தால், நமக்குள்ளிருந்து ஒரு நிழல் பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறது. அதன்பிறகு அவன் நம் மருந்தைக் குடித்துவிடுவான், நம் முகத்தில் கதவைச் சாத்துவான். பன்னிரண்டாவது லெவலில் வாளோடு எதிரே நிற்பான். அவனை வெட்டினால் நம் உயிர் குறைகிறது. அவனைக் கொன்றால் நாம் சாகிறோம். வழி ஒன்றுதான். வாளை உறையில் போட வேண்டும். அவனும் போடுகிறான். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடி ஒன்றாகிவிடுகிறார்கள்.

இந்த நிழல் பிறந்த கதை இன்னும் அழகு. மெக்னருக்கு இன்னொரு எதிரியை வரைய கணினியில் இடமே இல்லை. அதனால் ஏற்கெனவே இருந்த இளவரசனின் படங்களையே நிறம் மாற்றிப் போட்டார். ஒரு பற்றாக்குறையிலிருந்து அந்த கேமின் இதயமே வந்தது.

என் நாஸ்டால்ஜியாவில் இந்தக் காட்சி கிடையாது. ஏனென்றால் சின்ன வயதில் நான் அங்கே போனதே இல்லை. நான் ஏங்கிக்கொண்டிருந்தது முதல் இரண்டு லெவலுக்கும், லேபின் ஏசி குளிருக்கும், மிஸ் வரும் செருப்புச் சத்தத்துக்கும். கேமின் ஆகச் சிறந்த பகுதி என் ஏக்கத்துக்கு வெளியே இருந்தது. மறுபடி போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால் கடைசிவரை "அந்தக் காலத்துல ஒரு கேம் இருந்துச்சு" என்று அரைகுறையாகப் புகழ்ந்துகொண்டே இருந்திருப்பேன்.

*

இப்போதைய கேம்களில் உயிர் இல்லை என்ற என் பிரசங்கத்துக்கு வருகிறேன். அதுவும் நிற்காது.

2018இல் வந்த செலஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள். கான்ட்ரா மாதிரிதான், ஒரு முள் பட்டால் சாவு. திரைக்குத் திரை பார்த்தால் கான்ட்ராவைவிடக் கடினம். ஆனால் செத்த மறுகணம் அதே திரையில் மறுபடி நிற்பீர்கள். ஒரு சாவுக்கு முழு மாலையும் அபராதம் கட்ட வேண்டியதில்லை. முடியவே இல்லையென்றால் உதவி வசதியும் உண்டு. வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சாவே இல்லாமலும் ஆடலாம். ஹாஷிமோட்டோ ரகசியமாகப் போட்டுக்கொண்டதை இவர்கள் வெளிப்படையாக மெனுவில் வைத்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியம், செலஸ்ட்டிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதை உடைத்துக்கொண்டு மேடலினின் இன்னொரு உரு வெளியே வருகிறது. அவளுடைய பயம், சந்தேகம் எல்லாம் சேர்ந்த உரு. துரத்துகிறது, ஏசுகிறது, மலையிலிருந்து கீழே தள்ளுகிறது. அவளை உதறிவிட்டு ஏற மேடலின் முயலும்போதுதான் அந்தப் பெரிய வீழ்ச்சி வருகிறது. பேசி, சமாதானமாகி, இருவரும் சேர்ந்த பிறகே உச்சிக்குப் போக முடிகிறது. மெக்னர் ஒரே ஒரு அசைவில், வாளை உறையில் போடுவதில் சொன்னதை, கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து இவர்கள் ஒரு முழு மனுஷியாக விரித்திருக்கிறார்கள். இலக்கியத்தில் இதை மரபு என்போம். கேமில் மட்டும் ஏன் பழசு புதுசு என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறோம் என்று தெரியவில்லை.

இன்னொன்று, 2023இல் வந்த வெண்பா. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 1980களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பம். சமைப்பதுதான் கேம். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, கறை படிந்து இருக்கிறது. இட்லிப் பாத்திரத்தில் எந்தத் தட்டை எப்படி அடுக்குவது என்பதை எழுத்து அழிந்த இடத்தில் நாமே யோசித்து நிரப்ப வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு நினைவு பாதி அழிந்து கைக்கு வந்தாலும், கைக்கு வந்ததால்தான் சரிசெய்ய முடிகிறது என்பதை இதைவிட எளிமையாக ஒரு கேம் சொல்லி நான் பார்த்ததில்லை.

*

ஆக, பழசா புதுசா எது உசத்தி என்ற கேள்வியே என்னைத் தவறான இடத்துக்கு இழுத்துப் போயிருக்கிறது. கான்ட்ரா, செலஸ்ட், வெண்பா மூன்றும் ஒரே பக்கம். மருமகனின் பப்ஜி வேறு பக்கம். அது மட்டமான கேம் என்பதால் இல்லை. முதல் மூன்றும் பொருட்கள், எடுத்து வைத்துக்கொள்ளலாம். நான்காவது ஒரு சேவை. கேபிள் கனெக்‌ஷன் மாதிரி, அந்தப் பக்கம் இருப்பவர் நிறுத்தினால் இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

அவன் கதையைத் தேதி போட்டுச் சொல்கிறேன். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30ஆம் தேதியோடு இங்கே சர்வரும் நின்றது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தது. 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து போனது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. தடையின் சரி தவறு இங்கே பேச்சு இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. இந்தியாவில் தடை வந்த ஒரு வாரத்துக்குள், உலகம் முழுக்க அந்த கேமில் எரங்கல் என்ற தீவின் வரைபடத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். தடையே வராமல் இருந்திருந்தாலும் லாக்டவுனில் அவன் ஆடிய எரங்கல் போயிருக்கும். பழைய எரங்கலுக்குத் திரும்ப அவனிடம் கேசட் கிடையாது.

"இப்ப இருக்கற எரங்கல்ல போய் ஆடேன்டா" என்றேன்.

"போனேன் மாமா. நாம படிச்ச ஸ்கூல இடிச்சு அதே பேர்ல புதுசாக் கட்டுன மாதிரி இருக்கு."

இது அவனுக்கு மட்டும் நடந்தது இல்லை. 2019 அக்டோபரில் ஃபோர்ட்நைட் தன் பழைய வரைபடத்தை முழுவதுமாக ஒரு கருந்துளைக்குள் உறிஞ்சிவிட்டது. ஏறக்குறைய இரண்டு நாள், உலகம் முழுக்கப் பையன்கள் ஒரு கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு வருடம் கழித்து 2023 நவம்பரில் அந்தப் பழைய வரைபடத்தைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். ஒரே நாளில் 4 கோடியே 47 லட்சம் பேர் வந்ததாக நிறுவனமே சொன்னது. ஏக்கம் எவ்வளவு பெரிய சந்தை என்பதற்கு இந்த ஒரு எண் போதும். 2024 டிசம்பரில் அதை நிரந்தரப் பிரிவாக்கினார்கள், நல்லதுதான். ஆனால் நம் பால்யத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை முடிவு செய்யும் சாவி வேறொருவர் இடுப்பில் தொங்குகிறது.

யுபிசாஃப்டின் தி க்ரூ இன்னும் கறாரான உதாரணம். 2014இல் வந்த கார் ஓட்டும் கேம். தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும் என்ற அமைப்பு. 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை நிறுத்தியதும் காசு கொடுத்து வாங்கியவர்களிடமும் அது ஓடாமல் போனது. அந்தக் கோபத்திலிருந்துதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் தொடங்கியது. ஐரோப்பாவில் அவர்கள் முன்னெடுத்த மனுவுக்கு 2025இல் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. அவர்கள் கேட்பது எளிமையானது. சர்வரை என்றென்றும் நடத்தச் சொல்லவில்லை. மூடிவிட்டுப் போகும்போது, வாங்கியவன் எப்படியாவது ஆடிக்கொள்ள ஒரு வழி வைத்துவிட்டுப் போ என்கிறார்கள்.

*

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. சேவையாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும் கேம்கள் அழியத்தானே செய்கின்றன? உண்மைதான். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 100க்கு 87 இன்று கடையில் கிடைக்காது. விற்பனைக்கு இருப்பவையும் முழுசாக இல்லை. 2002இல் வந்த வைஸ் சிட்டியில் பாதி சுகமே கார் ரேடியோதான். பிந்தைய பதிப்புகளில் பாட்டு உரிமம் காலாவதியானதால் 'பில்லி ஜீன்' உட்படச் சில பாட்டுகள் காணாமல் போயின.

ஆனால் பொருளாக இருந்த கேம்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. எங்கோ ஓர் அலமாரியில் கிடக்கும் வாய்ப்பு. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் மூல நிரலைத் தொலைத்துவிட்டதாகவே மெக்னர் நினைத்திருந்தார். 2012இல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பழைய டிஸ்குகள் இருந்த பெட்டி கிடைத்தது. விஷயம் தெரிந்தவர்கள் உதவிக்கு வந்து அதைப் படித்தெடுத்தார்கள், அவர் இணையத்தில் எல்லோருக்கும் போட்டுவிட்டார். அந்த கேமுக்கு இசை போட்டதும் இதே அப்பாதான். நம்மில் எத்தனை பேருடைய அப்பாக்கள் எத்தனை பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார்களோ, அது வேறு கதை. ஆனாலும் போடுவதற்கு ஒரு பெட்டி இருந்தது.

என் கேசட் திருட்டு கேசட் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் செய்தவர்களுக்குக் கலைமேல் அக்கறை இருந்திருக்காது. இருந்தும் இன்று கான்ட்ரா எனக்குக் கிடைப்பது, அதைப் பிரதியெடுத்து வைத்த ஆயிரக்கணக்கான கைகளால். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தைச் சொந்த சர்வரில் நடத்திக்கொண்டிருந்த நாஸ்டால்ரியஸ் குழு 2016இல் சட்ட மிரட்டலால் மூட வேண்டியிருந்தது. அந்த மூடலுக்கு எழுந்த சத்தம் அடங்கவில்லை. 2019இல் அதே நிறுவனம் அதே பழைய வடிவத்தைத் தானே வெளியிட்டது. ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் சேவையையும் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம் என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு எதிர்வாதத்தை மருமகனே சொன்னான். "மாமா, எரங்கல அப்படியே எடுத்து வச்சிருந்தாலும் என்ன பண்றது? அந்த நாலு பேர் வேணுமே."

அவர்கள் நால்வர். ஒன்பதாம் வகுப்பு. ஆன்லைன் கிளாஸ் முடிந்ததும் ராத்திரி ஏழு மணிக்கு போச்சின்கியில் குதிப்பார்களாம். ஒருத்தன் எப்போதும் வண்டியை ஆற்றுக்குள் விடுவான். ஒருத்தன் பாலத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒளிந்துகொண்டு "டேய் ஜோன் வருது, ஓடுங்கடா" என்று கத்துவான். லாக்டவுன் முடிந்து பள்ளி திறந்தபோது அந்தக் கத்துகிறவன் வரவில்லை. வீட்டில் கஷ்டம், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். நம்பரும் மாறிவிட்டது. அவனோடு கடைசியாகச் சேர்ந்து நின்ற இடம் அந்தப் பாலத்து வீடுதான். "அவன் குரல்கூட இப்ப சரியா ஞாபகம் இல்ல மாமா. அந்த வீட்டுக்குள்ள போய் நின்னா வருமோ என்னவோ."

அவன் சொல்வது சரிதான். ஆட்களைச் சேமிக்க முடியாது. எங்கள் தெரு கிரிக்கெட்டை யார் சேமித்தார்கள்? அந்தக் காலி மனையில் இப்போது கல்யாண மண்டபம். ஆனாலும் ஊருக்குப் போகும்போது அந்த மண்டபத்து வாசலில் நின்றால், இங்கேதான் ஸ்டம்ப், இங்கேதான் சிக்ஸருக்கு அவுட் கொடுக்கும் சுவர் என்று அளந்து சொல்ல முடிகிறது. இடம் இருந்தால் நினைவு தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். கான்ட்ரா என்னை அவமானப்படுத்தியது, ரோட் ராஷ் ஏமாற்றியது, பிரின்ஸ் எனக்குத் தெரியாத ஒரு கதவைத் திறந்தது. மூன்றும் நடந்தது நான் திரும்பிப் போனதால். திரும்பிப் போக முடியாத நினைவுக்கு இரண்டே கதிதான். கேட்க ஆளில்லாமல் வளர்ந்து புராணமாகும். இல்லையென்றால் மங்கி மங்கி ஒரு நாள் போய்விடும். என் தலைமுறையின் நாஸ்டால்ஜியாவை எவ்வளவு கிண்டல் செய்தாலும் தகும், ஏனென்றால் அதைப் பொய் என்று நிரூபிக்க ஆதாரம் கையில் இருக்கிறது. அவன் தலைமுறைக்கு அந்தக் கிண்டலுக்கே வழியில்லை.

அதனால் 2கே கிட்ஸுக்கு என்ன தெரியும் என்று இனி மீம் போடுவதாக இல்லை. அவர்கள் இழந்தது நம்முடையதைவிடப் பெரியது, அதுவும் இருபது வயதுக்குள்.

அன்று சாயங்காலம் அவன் ஒரு நோட்டை எடுத்து அந்தத் தீவை வரைந்து காட்டினான். பாலம், ஆறு, ஸ்கூல், போச்சின்கி. பாலத்து வீடு பாலத்துக்கு எந்தப் பக்கம் என்பதில் அவனுக்கே சந்தேகம் வந்தது. அழித்து அழித்து இரண்டு பக்கமும் வரைந்தான். நான் அந்தத் தாளைக் கேட்டேன். "எதுக்கு மாமா?" என்றான். "இருக்கட்டும்" என்றேன்.

பிறகு "ரெண்டு பேர் ஆடற மாதிரி போடுங்க" என்றான். கான்ட்ராவில் மூன்றாவது லெவல் அருவி. மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒருவன் முந்திப் போனால் திரை அவனோடு மேலே நகரும், கீழே நிற்பவன் செத்துப்போவான். இதற்காக நானும் சித்தப்பா பையனும் போடாத சண்டை இல்லை. மருமகன் விறுவிறுவென்று ஏறினான். நான் கீழே மாட்டிக்கொண்டேன். ஒரு லைஃப் போனது. இன்னொன்று போனது.

"சீக்கிரம் வாங்க மாமா" என்றான். அதன் பிறகு ஒரு பாறைமேல் நின்று, நான் ஏறி வரும்வரை வருகிறவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தான்.